போனது நிஜம், வந்தது தத்துவம்

எங்கள் அடுக்ககத்தின் கார் நிறுத்துமிடத்தில் சனிக்கிழமை மாலைகளில் புராண வகுப்பு நடக்கும். பீர்க்கன்கரணை ஏரியிலிருந்து கொசு கிளம்பும் நேரம்தான் அதற்கும் நேரம். இரண்டு கார்களை வெளியே நகர்த்திவிட்டு, ஜமக்காளம் விரித்து, மேசை மின்விசிறி ஒன்றை வைத்தால் வகுப்பு தயார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சொல்பவர் வங்கியில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் அவரை வகுப்பு சார் என்போம். யாராவது கேள்வி கேட்டால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார், துடைப்பார், மறுபடி போட்டுக்கொள்வார். பிறகு, கேட்டவரைத் தவிர மற்ற எல்லோரையும் பார்த்துப் பதில் சொல்வார். வங்கியிலும் அப்படித்தான் இருந்திருப்பார் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

நான் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியை. வகுப்புக்குப் பக்தியால் போனேன் என்று சொன்னால் பொய். வாரம் முழுக்கப் பிளஸ் டூ பிள்ளைகளிடம் கத்திய தொண்டைக்கு, வேறொருவர் பேச, நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது சுகமாக இருந்தது. இன்னொரு காரணம், சுண்டல். முதல் மாடியில் இருந்தவள் செய்துகொண்டு வருவாள். பக்கத்துக் கல்லூரி ஒன்றின் அலுவலகத்தில் வேலை. என்னை அக்கா என்பாள். மாங்காயும் தேங்காயும் பல்லுப் பல்லாகக் கீறிப் போட்டு அவள் கொண்டுவரும் சுண்டலுக்காக, புராணத்தில் நம்பிக்கை இல்லாத என் கணவரும் கடைசிப் பத்து நிமிடத்துக்கு லிஃப்டிலிருந்து இறங்கி வந்துவிடுவார்.

அந்தக் கதையை வகுப்பு சார் சொன்னது ஒரு ஆடி மாதத்தில். எல்லோருக்கும் தெரிந்த கதைதான். அடியார்களுக்குச் சோறு போடாமல் தான் சாப்பிடாத ஒருவர். அவர் வீட்டுக்குச் சிவபெருமான் துறவி வேடத்தில் வந்து பிள்ளைக் கறி கேட்கிறார். ஒரே மகனாக இருக்க வேண்டும், பெற்றவர்கள் மனமுவந்து அறுத்துச் சமைக்க வேண்டும். பள்ளிக்கூடம் போயிருந்த பையனைத் தகப்பன் தோளில் தூக்கிக்கொண்டு வருகிறார். தாய் காலைப் பிடித்துக்கொள்ள, தகப்பன் அறுக்கிறார். அம்மாவும் அப்பாவும் விளையாட்டுக் காட்டுகிறார்கள் என்று பையன் சிரிக்கிறான். கறி இலைக்கு வந்த பிறகு, உன் மகனைக் கூப்பிடு, அவனோடுதான் சாப்பிடுவேன் என்கிறார் விருந்தாளி. வாசலில் நின்று கூப்பிடுகிறார்கள். பையன் பள்ளிக்கூடத்திலிருந்து வருவதுபோல ஓடி வருகிறான். உள்ளே வந்து பார்த்தால் விருந்தாளியும் இல்லை, கறியும் இல்லை.

சொல்லி முடித்துவிட்டு வகுப்பு சார் கையை விரித்தார். "இதை அப்படியே எடுத்துக்கக் கூடாது. இது தத்துவம். அப்பான்னா ஆன்மா. மகன்னா யாரு? என்னுது, என்னுதுங்கற அகந்தை. கத்தின்னா ஞானம். அறுக்கறதுன்னா பற்று அறுக்கறது. இதைப் போய்க் கொலைன்னு சில பேரு பேசறான்."

தலைகள் ஆடின. எனக்கு மட்டும் அந்தத் தாயை விட மனமில்லை.

"சார், அப்ப காலைப் பிடிச்சுக்கிட்ட அம்மா யாரு?" என்றேன்.

கண்ணாடி கழன்றது, துடைக்கப்பட்டது, மாட்டப்பட்டது. என் கணவரைப் பார்த்துப் பதில் சொன்னார். "அம்மாதான் மாயை. மாயையும் கடைசியில ஞானத்துக்கு ஒத்துழைக்கும்."

ஆக, கத்தி வைத்திருந்தவர் ஆன்மா, காலைப் பிடித்தவள் மாயை. உருவகத்திலும் வேலைப் பங்கீடு வீட்டில் இருப்பதுபோலவேதான் இருந்தது. முதல் மாடிக்காரி என் காதருகே குனிந்து, "அக்கா, மாயை இப்ப சுண்டல் போடட்டுமா?" என்றாள். சிரிப்பை அடக்க நான் இருமினேன்.

வகுப்பு முடிந்த பிறகுதான் சண்டை வந்தது. மூன்றாம் மாடியில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கும் ஒருவர் இருந்தார். நெற்றி நிறைய நீறு, காதில் எப்போதும் வயரில்லாத கருவி. தத்துவம் என்ற சொல்லே அவருக்கு ஆகாது.

"சார், தத்துவம்னு சொல்லிச் சொல்லித்தான் எல்லாத்தையும் கதையாக்கிட்டீங்க. நடந்தது சார். அந்த ஊர் இன்னைக்கும் இருக்கு. கோயில் இருக்கு. திருவிழா நடக்குது. நடக்காததுக்கா திருவிழா எடுப்பாங்க?"

"அப்படியே நடந்ததுன்னே வெச்சுக்கலாம். உங்க வீட்டுக்கு இன்னைக்கு ஒருத்தர் வந்து கேட்டா?" என்றேன்.

அவருடைய பெண் குழந்தை அப்போது காருக்கும் தூணுக்கும் நடுவே சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்கவேயில்லை.

"அப்படிப்பட்ட அடியார் இன்னைக்கு யார் மேடம் இருக்காங்க? உண்மையான அடியார் வந்தா கொடுக்க வேண்டியதுதான்."

அவர் மனைவி எழுந்து போய்ச் சைக்கிளோடு குழந்தையை லிஃப்டுக்குள் இழுத்துக்கொண்டாள். அந்த வாரத்தில் புராணத்துக்கு யாராவது சரியான பொருள் கண்டார்கள் என்றால் அது அவள்தான். அவள் புருஷனின் நம்பிக்கை முழுவதும், விருந்தாளி வரமாட்டார் என்ற ஒரே நம்பிக்கையின்மேல் நின்றுகொண்டிருந்தது. அந்த ஒன்றில் மட்டும் அவர் ஆணித்தரமான பகுத்தறிவுவாதி.

இதெல்லாம் அப்போது வேடிக்கையாகத்தான் இருந்தது. நானும் பாடம் நடத்துகிறவள், உருவகத்தோடு எனக்குப் பகை கிடையாது. அணுவைப் பந்து என்று காட்டாமல் என்னால் ஒரு வகுப்பு நடத்த முடியாது. ஆனால் ஒருமுறை பந்து என்று சொன்னால் அந்தப் பாடம் முடியும்வரை அது பந்துதான். பாதிக் கணக்கில் பந்து, மீதிக் கணக்கில் கல் என்று நடத்தினால் என் பிள்ளைகளே என்னை விடமாட்டார்கள். புராணம் சொல்கிறவருக்கு மட்டும் அந்தக் கஷ்டம் கிடையாது.

அந்த வருடம் ஐப்பசியில் முதல் மாடிக்காரியின் மகன் இறந்துபோனான். ஒரே பிள்ளை. ஓ.எம்.ஆர். பக்கம் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. வண்டலூரில் நல்ல மழை, சாலையில் பள்ளம் தெரியாமல் தண்ணீர். பைக் சறுக்கியது. பின்னால் லாரி. காலை ஒன்பது மணிக்குச் சாப்பாட்டு டப்பாவை வாங்கிக்கொண்டு போனவன்.

அவள் அழுததை நான் எழுதப்போவதில்லை. அவள் புருஷன் பேசுவதையே நிறுத்திவிட்டார். பால்கனியில் மகன் காயப்போட்டிருந்த மழைக்கோட்டை எடுக்கவும் விடாமல் அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அன்று அதைப் போட்டுக்கொண்டு போகவில்லை அவன். முந்தைய நாள் நனைந்தது இன்னும் ஈரமாக இருந்ததாம்.

கருமாதி முடிந்த மறுவாரம் வகுப்பு சார் துக்கம் விசாரிக்க வந்தார். மூன்றாம் மாடிக்காரரும் கூடவே வந்தார். கீழே சண்டை போட்டுக்கொள்பவர்கள் துக்க வீட்டுக்கு வரும்போது மட்டும் ஒரே கட்சி. நான் அவளோடு உட்கார்ந்து, அவள் தொடாமல் வைத்திருந்த இட்லியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து போய் நானே காபி போட்டுக் கொடுத்தேன்.

காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வகுப்பு சார் ஆரம்பித்தார்.

"அம்மா, நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. இறைவன் எல்லார்கிட்டயும் பிள்ளையைக் கேக்க மாட்டான். யாருக்கு அந்தப் பக்குவம் இருக்கோ அவங்ககிட்டத்தான் கேப்பான். நாம அன்னைக்குப் படிச்சோமே. அந்த மாதிரிதான். உங்ககிட்ட கேட்டு வாங்கிக்கிட்டான். நீங்க கொடுத்து வெச்சவங்க."

கொடுத்து வைத்தவர்கள். நல்ல சம்பந்தம் அமைந்தவரை, வீடு கட்டி முடித்தவரை, அமெரிக்காவில் பேரன் பிறந்தவரைப் பார்த்துச் சொல்கிற வார்த்தை. அதை அந்த வீட்டில், அந்த மழைக்கோட்டுக்கு ஐந்தடி தள்ளி உட்கார்ந்து சொன்னார். சொல்லிவிட்டுக் காபியை ஒரு வாய் குடித்தார்.

அவள் தலையைத் தூக்கினாள்.

"நான் கொடுக்கலையே சார். என்கிட்ட யாரும் கேக்கலை. டிபன் டப்பாதான் கொடுத்து அனுப்பினேன்."

"அது சூட்சுமம்மா. நமக்குத் தெரியாம நடக்கும்."

"சரி சார்." அவள் குரலில் கோபமே இல்லை. ஆபீஸில் விண்ணப்பம் தப்பாக நிரப்பியவரிடம் கேட்பதுபோலக் கேட்டாள். "கேட்டார்னே வெச்சுக்கறேன். நான் கொடுத்தேன்னே வெச்சுக்கறேன். கதையில அதுக்கப்புறம் கூப்பிடச் சொல்வார் இல்ல? அந்தம்மா வாசல்ல நின்னு கூப்பிட்டதும் பையன் ஓடி வந்தான் இல்ல? என்னை எப்ப சார் கூப்பிடச் சொல்வார்?"

வகுப்பு சாரின் கை கண்ணாடிக்குப் போனது. கழற்றினார். இந்த முறை துடைக்க வேட்டி நுனி அகப்படவில்லை. "அது வந்தும்மா... அது தத்துவம். திரும்பி வர்றதுன்னா, ஆன்மா தன்னோட சுத்த நிலையில..."

"போனது மட்டும் நிஜமா சார்?"

அவர் வாயைத் திறந்து மூடினார். வாழ்க்கையில் முதல் தடவையாக, கேள்வி கேட்டவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மௌனத்தோடு விட்டிருந்தால்கூட நான் அவரை மன்னித்திருப்பேனோ என்னவோ. ஆனால் மூன்றாம் மாடிக்காரருக்கு மௌனம் தாங்காது. இறைவனுக்கு வக்காலத்து வாங்க யாரும் இல்லாமல் போய்விடுமே என்று பதறி,

"அக்கா, வந்தது தத்துவம் இல்ல. நிஜமாவே வந்தான். ஆனா அந்தம்மாவுக்கு இருந்த பக்தி வேற லெவல். நமக்கெல்லாம் அது வருமா?" என்றார்.

அதாவது, பையன் வராததற்குக் காரணம் லாரி இல்லை, மழை இல்லை, தார் போடாத சாலை இல்லை. அம்மாவின் பக்தி பத்தவில்லை. ஒருவர் அவளுடைய ஆறுதலை உருவகம் என்று பிடுங்கிக்கொண்டார். இன்னொருவர் அதை உண்மை என்று ஒப்புக்கொண்டு, அவளுக்கு அதை வாங்கத் தகுதி போதாது என்று சொல்லிவிட்டார். இத்தனை நாள் எதிரெதிராகக் கத்திக்கொண்டிருந்த இரண்டு வாசிப்பும் அந்தச் சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே வேலையைச் செய்து முடித்தன.

நான் வாயைத் திறப்பதற்குள் பால்கனியிலிருந்து அவள் புருஷன் உள்ளே வந்தார். இத்தனை நாளில் அவர் பேசி நான் கேட்டது அப்போதுதான்.

"காபி குடிச்சாச்சுன்னா கிளம்புங்க" என்றார்.

கிளம்பினார்கள். செருப்பைத் தேடுவதில் கொஞ்சம் குழப்பம் வந்தது. வகுப்பு சார் மற்றவருடைய செருப்பில் காலை விட்டுவிட்டு மறுபடி எடுத்தார். கீழே வாட்ச்மேனின் குரல் மாடிப்படி வழியாக ஏறி வந்தது. "இன்னா சார், இப்பத்தானே மேல போனீங்க, அதுக்குள்ள வந்துட்டீங்க?"

தை பிறந்து வகுப்பின் ஆண்டு விழா வந்தது. பெரிய குத்துவிளக்கு வைத்து, அடுக்ககத்துப் பெண்கள் ஆளுக்கொரு முகம் ஏற்றுவது வழக்கம். அன்று மாலை அவள் கீழே வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வந்தாள். கையில் சுண்டல் பாத்திரம். பழைய வழக்கத்தில் நேராக விளக்குப் பக்கம் போய் அதை வைத்தாள்.

விழாக் குழுவில் ஒரு பெண் பதறிப்போய் வகுப்பு சாரைப் பார்த்தாள். அவர் எழுந்து வந்தார். பாவம், மெதுவாகத்தான் சொன்னார்.

"அம்மா, வருஷம் முடியலையே. நீங்க விளக்குப் பக்கம் வர வேண்டாம். அப்படி ஓரமா உக்காந்து கேளுங்க. தப்பா நினைக்காதீங்க, சாஸ்திரத்துல அப்படித்தான் இருக்கு."

"அது தத்துவம் இல்லையா சார்?"

"எதும்மா?"

"தீட்டு."

"இல்லம்மா. அது விதி. விதியை அப்படியே எடுத்துக்கணும்."

"மகன்னா அகந்தைன்னு சொன்னீங்க. அகந்தை போனதுக்கு எதுக்கு சார் ஒரு வருஷம் தீட்டு?"

ஜமக்காளத்தில் யாரும் அசையவில்லை. மேசை மின்விசிறி மட்டும் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டிருந்தது. எனக்கு உள்ளுக்குள் கைதட்ட வேண்டும்போல இருந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் அந்த ஆசை போய்விட்டது. ஜெயித்த முகம் இல்லை அது. உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்ட முகம். இவ்வளவு படித்தவர்கள், வாரம் தவறாமல் பேசுகிறவர்கள், ஒருவராவது இதற்குப் பதில் சொல்லிவிட மாட்டார்களா என்று காத்திருந்த முகம்.

அவள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டாள். நானும் எழுந்தேன். எனக்குப் பின்னால் மூன்றாம் மாடிக்காரரின் மனைவி, குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு எழுந்தாள். நாங்கள் மூன்று பேரும் மொட்டை மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியின் ஓரத்தில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டோம். கீழே பாட்டு கேட்டது. பெருங்களத்தூர்ப் பக்கம் மின்சார ரயில் போகும் சத்தமும் கேட்டது. குழந்தைக்குக் காரம் தாங்கவில்லை. முதல் மாடிக்காரி மாங்காய்த் துண்டுகளை மட்டும் பொறுக்கி அதன் வாயில் வைத்தாள். யாரும் புராணம் பேசவில்லை.

அதற்குப் பிறகு நான் வகுப்புக்குப் போகவில்லை. சில நாள் கழித்து, அவளும் நானும் அந்தக் கதையை மூல நூலிலேயே உட்கார்ந்து படித்தோம். அவள்தான் கேட்டாள். ஒரு பாட்டில், பெற்றவர்கள் இருவரும் மகிழ்ச்சியாக அதைச் செய்தார்கள் என்று வந்தது. அவள் விரல் அந்த வரியிலேயே நின்றது.

"எழுதினவரு ஆம்பளைதானேக்கா?"

"ஆமாம்."

"பக்கத்துல இருந்து பாக்கலை" என்று சொல்லிப் புத்தகத்தை மூடினாள்.

நான் எவ்வளவோ ஆண்டு படித்தும் கேட்டும் இதைவிட நேரான விமரிசனத்தைக் கண்டதில்லை. கதை நடந்ததா இல்லையா, குறியீடா இல்லையா என்பதெல்லாம் அவளுக்கு இரண்டாம்பட்சம். சொல்கிறவன் எங்கே நின்று சொல்கிறான் என்பதுதான் அவளுடைய கேள்வி. கத்தியின் பக்கமா, காலின் பக்கமா? வேதமோ புராணமோ, எந்த மதத்துப் புத்தகமானாலும், அதை அப்படியே நம்புகிறேன் என்பவரிடமும், உட்பொருள் கண்டேன் என்பவரிடமும் இப்போது நான் இதைத்தான் பார்க்கிறேன். உட்பொருள் எப்போதும் தன் தலையைத் தப்பவைத்து, விதி எப்போதும் அடுத்தவர் தலையில் விழுகிறது என்றால் அதற்குப் பெயர் வாசிப்பு இல்லை. சௌகரியம்.

அடுத்த மழைக்காலத்தில் வகுப்பு சாரின் பேரனுக்கு டெங்கு வந்தது. குரோம்பேட்டையில் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். செய்தி கேட்டதும் அவள் என்னைக் கூப்பிட்டாள். "போயிட்டு வரலாம்க்கா."

"உனக்கென்ன பைத்தியமா?"

"அந்த மருமக பொண்ணு தனியா இருக்கும்."

போனோம். வார்டு வாசலில் வகுப்பு சார் நின்றுகொண்டிருந்தார். சவரம் செய்யாத முகம், கசங்கிய சட்டை, கையில் ஏதேதோ ரத்தப் பரிசோதனைக் காகிதங்கள். போகிற வருகிற நர்ஸ்களிடமெல்லாம் அவற்றை நீட்டி, "பிளேட்லெட் ஏறியிருக்கா சிஸ்டர், கொஞ்சம் பாருங்க சிஸ்டர்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். அன்று அவருக்குப் பேரன் பேரனாகவே இருந்தான். அகந்தையாக, பற்றாக ஒரு நிமிடம்கூட இல்லை. அதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது. சொல்ல வெட்கமில்லை.

அவளைப் பார்த்ததும் அவர் கண் கலங்கியது. "அம்மா, நான் அன்னைக்கு உங்க வீட்டுல..." என்று ஆரம்பித்தார்.

"இப்ப ஒண்ணும் சொல்லாதீங்க சார். டாக்டர் வர்ற நேரம்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். சாயங்காலம் வரை அந்த மருமகளின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வற்புறுத்தி அவளை இரண்டு வாய் சாப்பிட வைத்தாள். கடவுள் பெயரை ஒருமுறைகூட எடுக்கவில்லை.

பையன் பிழைத்துக்கொண்டான். இப்போது நடைபாதையில் பந்து உதைத்து எல்லோர் வீட்டுத் தொட்டிச் செடிகளையும் உடைக்கிறான். வகுப்பு சார் திருந்திவிட்டார் என்று எங்கள் அடுக்ககத்தில் பேச்சு. பிள்ளைக் கறிக் கதையை அவர் அதற்குப் பிறகு சொல்லவில்லை என்பது வாஸ்தவம். அதை விட்டுவிட்டு வேறொரு அடியார் கதைக்குப் போய்விட்டார். வந்து கேட்ட துறவிக்குத் தன் மனைவியைத் தாரை வார்த்துக் கொடுத்தவர் கதை. போன வாரம் என் கணவர்தான் கேட்டுவிட்டு வந்து சொன்னார். அவர் இப்போதும் சுண்டலுக்குப் போகிறார். ஆனால் சுண்டல் முன்போல இல்லையாம்.

அவளிடம் இதைச் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"மனைவின்னா என்னவாம்?"

"ஆசையாம்."

"அவரோட மிஸஸ் வகுப்புக்கு வந்திருந்தாங்களா?"

"முன் வரிசையிலேயே உக்காந்திருந்தாங்களாம். தலையை ஆட்டிக்கிட்டு."

அவள் சிரித்தாள். சத்தமாக, வெகு நேரம், மடித்த துணியெல்லாம் மடியிலிருந்து சரிந்து விழும் அளவுக்குச் சிரித்தாள். உள்ளேயிருந்து அவள் புருஷன் என்ன ஆயிற்று என்று எட்டிப் பார்த்தார்.